ஊசிமுனைக் கொலைகள்

இசைத்தட்டுக்கு மீண்டும் மவுசு வந்துவிட்டது. பழைய தட்டுகளைத் தேடி வாங்குவோர் கொழும்பிலும் இருக்கிறார்கள், ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆயினும், அவர்களிற் பலர் அத்தட்டுகளை ஓடவிடும் இலட்சணத்தைக் காணும்போது, அவை யாரோ ஒருவருடைய பரணிலேயே கிடந்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றுகிறது.

காட்ரிட்ஜ் வாங்கப் பணத்தை அள்ளிக் கொட்டுகிறார்கள். டோன்ஆம் எனப்படும் ஊசிக்கையில் அதைச் சரியாகப் பொருத்துவதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்க மாட்டார்கள். கேட்டால், "கடைக்காரரே பூட்டித் தந்துவிட்டார்" என்பது பதில். பெரும்பாலும் கடைக்காரர் பூட்டியது இரண்டு திருகாணிகளை மட்டுமே.

இவர்களிடையே வேதவாக்காக உலவும் பொய் ஒன்று உண்டு. ஊசியின் பாரம் குறையக் குறையத் தட்டுக்கு நல்லது என்பதே அது. 2 கிராம் கேட்கும் காட்ரிட்ஜை 1 கிராமில் ஓடவிடுவது தட்டுக்குக் காட்டும் கருணையன்று. உரத்த இடங்களில் ஊசி பள்ளத்தின் சுவரை விட்டுத் துள்ளுகிறது. மீண்டும் அதிலேயே மோதுகிறது. மோதிய இடம் சிதைகிறது. தயாரிப்பாளர் பரிந்துரைத்த பாரமே பாதுகாப்பானது. அதற்காக, 5 கிராமை ஏற்றி அழுத்தும் மலிவான பெட்டிக் கருவிகளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அதுவும் கொடுமையே.

இரண்டாவது பொய், தட்டின் முடிவில் ஒலி கெடுவது தவிர்க்க முடியாதது என்பது. கடைசித் தில்லானாவில் குரல் சீறினால், ஒலிப்பதிவைக் குறை சொல்லித் தப்பிவிடுகிறார்கள். 12 அங்குல எல்பி தட்டின் வெளி விளிம்பில், பள்ளம் ஊசியின் கீழே செக்கனுக்குச் சுமார் 51 சென்ரிமீற்றர் ஓடுகிறது. உள்முனையில் அது 21 ஆகக் குறைகிறது. அதே ஒலி அங்கே குறுகிய இடத்தில் நெருங்கிக் கிடப்பதால், சிறிய கோணப் பிழையும் பெரிதாகக் கேட்கிறது. அச்சொன்றில் திரும்பும் ஊசிக்கை, இரண்டு இடங்களில் மட்டுமே பள்ளத்தோடு பிசகின்றி ஒத்து நிற்கும். அவ்விரு இடங்களை எங்கே அமைப்பது என்பதைச் சுவீடன் நாட்டு எரிக் லோஃப்கிரென் 1938 இலேயே கணக்கிட்டுத் தந்துவிட்டார். பரவலாகப் பின்பற்றப்படும் ஓர் அமைப்பில் அவை மையத்திலிருந்து 66, 121 மில்லிமீற்றர் தொலைவில் உள்ளன. அளவு பிசகாமல் அச்சிட்ட ஒரு கடதாசி போதும், அதைச் சரிபார்க்க.

வேலை இவ்வளவுதான்: காட்ரிட்ஜை அக்கடதாசியில் நேராக்குங்கள். ஊசிக்கை தட்டுக்குச் சமாந்தரமாக நிற்கிறதா, முன்னாலிருந்து பார்க்கையில் காட்ரிட்ஜ் சாயாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பாரத்தைச் சிறிய டிஜிட்டல் தராசில் நிறுத்துப் பாருங்கள். உள்நோக்கி இழுக்கும் விசைக்கு ஈடுகட்டும் அன்ரி-ஸ்கேற்றிங்கைப் பாரத்துக்கு ஏற்ப வையுங்கள். காட்ரிட்ஜை மீண்டும் அசைத்தால் பாரத்தையும் மீண்டும் நிறுக்க வேண்டும்.

78 சுற்றுத் தட்டை எல்பி ஊசியால் உழுவோருக்கு ஒரு சொல்: அதன் பள்ளம் ஏறத்தாழ மூன்று மடங்கு அகலமானது. அதற்குத் தனி ஊசி வேண்டும்.

"என் காதுக்கு நன்றாகத்தானே கேட்கிறது" என்று சிலர் வாதிடுவர். காது எதற்கும் பழகிவிடும். பள்ளம் பழகாது, தேயும். நம் பழைய நாகஸ்வரத் தட்டுகளிற் பல மறுபதிப்பே காணாதவை. உங்களிடம் இருப்பது எஞ்சியவற்றுள் ஒன்றாக இருக்கலாம். பணம் கொடுத்து வாங்கியதால் அதை அழிக்கும் உரிமையும் உங்களுக்கு வந்துவிட்டதா?