முன்னூற்றி நாலுக்கு எந்த ஊர்ச் சட்டம்?

லூயிஷாமில் நாலு தமிழர் மேசையைச் சுற்றிக் குந்தி கடதாசி விளையாட வெளிக்கிட்டால், முதல் அரை மணித்தியாலம் விளையாட்டு நடக்காது. வழக்குத்தான் நடக்கும். "எங்கட ஊரிலை அப்பிடி இல்லை" என்று ஒருவர் தொடங்குவார். "உங்கட ஊரிலை விளையாடுறதுக்குப் பேர் முன்னூற்றி நாலே இல்லை" என்று மற்றவர் முடிப்பார். சிவன் கோவில் திருவிழா முடிந்து கூடிய வீடென்றாலும் சரி, பிறந்தநாள் நடந்த மண்டபமென்றாலும் சரி, இதே கதைதான். கனகாலம் சிரித்துக்கொண்டு பார்த்தாயிற்று. இனிச் சொல்லாமல் இருக்க ஏலாது.

சண்டை எதற்கு? நாலு பேரா, ஆறு பேரா? துரும்பை எப்போது திறக்கலாம்? ஒருவர் கேட்டதற்கு மேலே அவருடைய கூட்டாளியே கூட்டிக் கேட்கலாமா? கையில் புள்ளியே வராதவர் கடதாசியை எறிந்துவிட்டுத் திரும்பப் போடச் சொல்லலாமா? கம்மாறிஸ் என்று முன்கூட்டிச் சொல்லாமல் எல்லாவற்றையும் பிடித்தால் தண்டம் உண்டா? இதில் ஒன்றுக்குமே எல்லா ஊருக்கும் பொதுவான மறுமொழி கிடையாது.

ஆனால் ஒரு விடயத்தில் சண்டையே இல்லை. ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராசா 3, ராணி 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு சாதிக் கடதாசிக்கு 76, நாலுக்கும் 304. இந்தக் கூட்டலில் எந்த ஊரும் கை வைக்கவில்லை. வைத்தால் விளையாட்டின் பெயரே போய்விடும். விளையாட்டின் எலும்பு இதுதான். மிச்சமெல்லாம் மேசைக்கு மேசை மாறுகிற உடுப்பு. உடுப்புக்காக ஆளை ஆள் கடித்துக் குதறுவதைத்தான் நான் கேள்வி கேட்கிறேன்.

"எங்கடைதான் அசல்" என்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இஸ்கோப்பன் எந்தத் தமிழ்ச் சொல்? கலாவரை எந்த நிகண்டில் இருக்கிறது? இரண்டும் ஒல்லாந்தரின் ஸ்கோப்பன், கிளாவர். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து 1795 வரை ஆண்டவர்கள் விட்டுப் போனவை. ஜாக்கையும் ஒன்பதையும் தூக்கி ஏஸுக்கு மேலே வைக்கிற வழக்கமே ஐரோப்பாவின் யாஸ் என்ற விளையாட்டுக் குடும்பத்துக்கு உரியது. ஒல்லாந்தரோடு இது எங்கள் பக்கம் வந்திருக்க வேண்டும் என்றே கடதாசி விளையாட்டுகளை ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். கேரளத்தில் 28 என்றும் 56 என்றும் விளையாடுவது இதன் சொந்தக்காரர்களைத்தான். இப்படி இரவல் வாங்கி, எங்கள் திண்ணைகளில் வளர்த்து எடுத்த ஒன்றுக்கு எந்த ஊர் உறுதி எழுதி வைத்திருக்கிறது?

வெள்ளைக்காரரும் இப்படி அடிபடுகிறவர்கள்தான். 1974இல் வந்த டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ் விளையாட்டுக்குப் பதிப்புக்குப் பதிப்பு சண்டை. 2008இல் நாலாம் பதிப்பு வந்தபோது பழைய ஆட்கள் பலர் கொதித்தெழுந்தார்கள். மூன்றாம் பதிப்பின் விதிகளை எவரும் எடுத்தாளலாம் என்று 2000இலேயே திறந்த உரிமம் கொடுக்கப்பட்டிருந்தபடியால், 2009இல் இன்னொரு கம்பனி அதே பழைய விதிகளின் மேல் பாத்ஃபைண்டர் என்ற விளையாட்டைக் கட்டியது. 2023 ஜனவரியில் சொந்தக்காரக் கம்பனி அந்த உரிமத்தை மாற்றப் பார்த்தது. விளையாடுகிறவர்கள் திரண்டு எதிர்த்தார்கள். அந்த மாதம் முடிய முன்னரே கம்பனி பின்வாங்கி, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளைப் பொதுப் பாவனைக்கே திறந்துவிட்டது.

வித்தியாசத்தைக் கவனியுங்கள். அவர்களின் சண்டை எழுதி வைத்த விதிகளைப் பற்றியது. பழைய பதிப்புத்தான் வேண்டுமென்றால் அந்தப் புத்தகத்தை எடுத்துவைத்துத் தன்பாட்டில் விளையாடலாம். சண்டை முடிந்த பிறகும் எல்லாப் பதிப்பும் உயிரோடு இருக்கிறது. எங்கள் சண்டையோ ஞாபகங்களுக்கு இடையில். 304க்குக் கம்பனி இல்லை, உரிமம் இல்லை. எவரும் எங்களிடமிருந்து அதைப் பறிக்க முடியாது. ஆனால் ஞாபகம் உள்ளவர் கண்ணை மூடினால் அவருடைய ஊர்ச் சட்டமும் அவரோடு போய்விடும்.

இங்கே பிறந்த மருமகன் ஒருவன், பல்கலைக்கழகத்தில் படிக்கிறவன், ஒருநாள் பக்கத்தில் வந்து குந்தினான். "மாமா, இதுக்கு விதி எழுதின புத்தகம் இருக்கா?" என்று கேட்டான். மூன்று பேர் மூன்று விதமாக விளங்கப்படுத்தத் தொடங்கி, ஐந்து நிமிடத்தில் ஆளை ஆள் முறைத்துக்கொண்டு நின்றார்கள். அவன் கோப்பியைக் குடித்துவிட்டு எழும்பிப் போய்விட்டான். நூற்றுக்கணக்கான பக்கத்தில் விதிப்புத்தகம் வாசித்து விளையாடுகிற பிள்ளை அவன். அவனுக்குப் பொறுமை இல்லை என்று தயவுசெய்து சொல்ல வராதீர்கள்.

"விளையாட்டுத்தானே, விடு" என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அகதி வழக்கின் முடிவு வரும்வரை வேலை செய்யவும் முடியாமல், ஒரு அறையில் ஆறு பேர் படுத்தெழும்பிய காலத்தில், பைத்தியம் பிடிக்காமல் எங்களைக் காப்பாற்றியது இந்த ஒரு கட்டுக் கடதாசி. பெயர் தெரியாதவனைக் கூட்டாளியாக்கியது அதுதான். அப்போது எங்களுக்குள் பத்து ஊர்ச் சட்டம் இருந்தது. "இந்த அறைச் சட்டம் இது" என்று பேசி முடித்துவிட்டு விளையாடினோம். வீடு வாசல் வந்த பிறகுதான் ஊர்ப்பெருமை திரும்பி வந்தது.

ஒரே சட்டம் எல்லாருக்கும் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கரம் விளையாட்டுக்கு 1988இல் சர்வதேச சம்மேளனம் அமைந்தது. நாடுகளுக்கிடையே போட்டி வைக்க அது தேவை. எங்களுக்கு அது தேவையில்லை. தேவை ஒரு தாளும் பேனையும். உங்கள் ஊர்ச் சட்டத்தை எழுதுங்கள், மேலே ஊரின் பெயரையும் போடுங்கள். அவர் தன்னுடையதை எழுதட்டும். கடதாசி போட முன்னர் இன்றைக்கு எந்தத் தாள் என்று தீர்மானியுங்கள். தோற்கிற நேரத்தில் புதுச் சட்டம் ஞாபகம் வருகிறவரை மட்டும் எழுப்பி விடுங்கள்.

இல்லாவிட்டால் இன்னும் இருபது வருடத்தில் சண்டை தானாகவே தீர்ந்துவிடும். ஏனென்றால் மேசையில் நாலு பேர் சேரமாட்டார்கள்.