யோசிக்காமல் அழுத்திய ஓ.கே.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு வேளச்சேரியில் சைக்கிளை எடுத்தேன். பெரம்பூர், மாதவரம், மணலி, திருவொற்றியூர் போய், மெரினா வழியாக வீடு திரும்பும்போது மணி ஒன்பதரை. ஏறக்குறைய 55 கிலோமீட்டர். கால் வலியோடு கம்ப்யூட்டரை ஆன் செய்து மேப்பைப் பார்த்தால், மாதவரத்துக்கும் மணலிக்கும் நான் போகவே இல்லையாம்!

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். உலக மேப்பை நீளவாக்கில் 16,384, அகலவாக்கில் 16,384 என்று சதுரக் கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். இன்டர்நெட் மேப்புகளைத் துண்டு துண்டாக அனுப்புவதற்காக ஏற்பட்ட பிரிவு இது. சென்னையில் ஒரு கட்டத்தின் பக்கம் சுமார் 2.4 கிலோமீட்டர். ஒரு கட்டத்துக்குள் சைக்கிளில் நுழைந்து வந்தால் அந்தக் கட்டம் உங்களுடையது, கலர் மாறும். நடுவில் ஓட்டையே இல்லாமல் எவ்வளவு பெரிய சதுரம் சேர்க்கிறீர்கள் என்பதுதான் போட்டி. வெலோவியூவர், ஸ்குவாட்ராட்ஸ் போன்ற வலைத்தளங்கள் இந்தக் கணக்கைப் போட்டுத் தருகின்றன. சென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு கஷ்டம் உண்டு. கிழக்கே கடல். எனவே சதுரம் மேற்கே மட்டும்தான் வளரும்.

அந்த இரண்டு கட்டங்களும் கிடைத்திருந்தால் எனக்கு 9க்கு 9 சதுரம். 81 கட்டங்கள். ஒன்றரை வருட உழைப்பு.

மேப்பில் பெரம்பூர் வரை கோடு தெருத் தெருவாக ஒழுங்காக வளைந்து போகிறது. அங்கிருந்து வீடுகள், ரயில்வே லைன் எல்லாவற்றின் மேலும் ஸ்கேல் வைத்து இழுத்தது போல் திருவொற்றியூருக்கு ஒரே நேர்க்கோடு. பறந்து போயிருந்தால்தான் அப்படி வரும்.

என்ன நடந்தது என்று யோசித்தேன். பெரம்பூர் வரை போன் ஹேண்டில்பாரில் இருந்தது, ஸ்கிரீனும் எரிந்துகொண்டிருந்தது. அங்கே தூறல் போட்டதால் போனை அணைத்துப் பையில் வைத்தேன். திருவொற்றியூரில் கோபுரத்தைப் படம் எடுக்க வெளியே எடுத்தேன். இடைப்பட்ட நேரத்தில் ரெக்கார்டிங் நின்றுவிட்டது.

ஜி.பி.எஸ். மேல் தப்பில்லை. சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சாட்டிலைட்டுகளில் நான்கின் சிக்னல் கிடைத்தால் போதும், போன் தன் இடத்தைக் கணக்கிட்டுவிடும். பை ஒரு தடையே அல்ல. தப்பு முந்தைய இரவு நடந்தது. கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தபோது போனில் ஒரு மெசேஜ் வந்தது. இந்த ஆப் பின்னணியில் பேட்டரியைச் செலவழிக்கிறது, கட்டுப்படுத்தலாமா என்று கேட்டது. பேட்டரி மிச்சமானால் நல்லதுதானே! ஓ.கே. கொடுத்துவிட்டேன்.

எதற்கு ஓ.கே. கொடுத்தேன் என்றால், ஸ்கிரீன் அணைந்தால் ரெக்கார்டிங்கையும் நிறுத்து என்பதற்கு!

சாஃப்ட்வேர் எழுதிச் சம்பளம் வாங்குகிறவனே இப்படிச் செய்தால், போன மாதம் கம்ப்யூட்டர் வாங்கியவர் என்ன செய்வார்? "படிக்காமல் ஓ.கே. கொடுக்காதீர்கள்" என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் நான் படித்துவிட்டுத்தான் கொடுத்தேன். அந்த மெசேஜில் லாபம் மட்டும்தான் இருந்தது, நஷ்டம் இல்லை. "கட்டுப்படுத்தினால் உங்கள் ரெக்கார்டிங் நின்றுபோகலாம்" என்று இன்னும் ஒரு வரி இருந்திருந்தால் நான் அழுத்தியிருக்க மாட்டேன். அந்த வரியை எழுத யாருக்கும் தோன்றவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். புரோகிராமுக்கு மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிற நாங்கள், மெசேஜ் பாக்ஸுக்கான வாசகத்தைக் கடைசி நாள் ராத்திரி எழுதுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன்.

போன் தயாரிப்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பின்னணியில் ஓடும் ஆப்கள் எல்லாவற்றையும் சும்மா விட்டால் மதியத்துக்குள் பேட்டரி காலி. நிறுத்தட்டும். ஆனால் நிறுத்தியதைச் சொல்ல வேண்டாமா? பழைய விண்டோஸில் நீலத் திரை வந்தால் திட்டினோம். ஆனாலும் ஏதோ கெட்டுப்போயிற்று என்று அது அந்த நிமிடமே சொல்லிவிடும். சத்தமில்லாமல் நிற்கும் சாஃப்ட்வேரை நான் அதைவிட மோசம் என்பேன். ஒரு பீப் சத்தம் வந்திருந்தால் மாதவரத்திலேயே தெரிந்திருக்கும்.

நீங்களும் நடை, சைக்கிள் என்று எதையாவது ரெக்கார்ட் செய்கிறவரானால், போனின் செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய், அந்த ஆப்பின் பேட்டரி என்ற இடத்தைப் பாருங்கள். கட்டுப்பாடு இல்லை என்ற பொருளில் ஒன்று இருக்கும். வார்த்தை போனுக்குப் போன் மாறும். அதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ஸ்கிரீனை அணைத்துப் பையில் போட்டு உங்கள் தெருவை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். கோடு வளைந்து வந்தால் சரி.

இனி சொல்லப்போவதைச் சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்லிவிடுகிறேன். சைக்கிள் போன பாதை ஜி.பி.எக்ஸ். என்ற ஃபைலாகச் சேமிக்கப்படுகிறது. இது வெறும் டெக்ஸ்ட் ஃபைல். நோட்பேடிலேயே திறக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம், அவ்வளவுதான். மாதவரத்தில் ஒரு புள்ளி, மணலியில் ஒரு புள்ளி டைப் செய்து அப்லோட் செய்தால் 9க்கு 9 வந்துவிடும். அது பொய்யும் அல்ல, நான் உண்மையிலேயே போனேன்!

மாதவரத்துக்கு டைப் செய்தும்விட்டேன். நேரம் போடும் இடத்தில் நின்றுவிட்டேன். 6:40-ஆ, 6:50-ஆ? தெரியாது. அங்கே ஒரு எண்ணை நானே உண்டாக்கிப் போட வேண்டும். போட்டுவிட்டால், பத்து வருடம் கழித்து இந்த ஃபைலைத் திறக்கும்போது எந்தப் புள்ளி சாட்டிலைட் தந்தது, எது நான் தந்தது என்று எனக்கே தெரியாது. சேவ் செய்யாமல் மூடினேன்.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா கேட்டார்கள்: "நீ போனது போனதுதானேடா, மேப் சொன்னாத்தான் போனதா?" பதில் சொல்லத் தெரியவில்லை. அடுத்த இரண்டு ஞாயிறும் மழை. மாதவரமும் மணலியும் இன்னும் வெள்ளையாகவே இருக்கின்றன. இந்த ஞாயிறு நாலரைக்கு அலாரம் வைத்திருக்கிறேன். போனை ஹேண்டில்பாரிலேயே வைத்து, பிளாஸ்டிக் கவர் சுற்றிக்கொள்ளப் போகிறேன்.