'வாள்த்துக்கள்' என்று எழுதினால் குற்றமா?

புதிதாக கம்ப்யூட்டரோ ஸ்மார்ட் போனோ வாங்கியவர்கள் முதலில் செய்வது பேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் கணக்கு தொடங்குவதுதான். அடுத்து, பழைய பள்ளி நண்பர்களைத் தேடிப் பிடித்து ஒரு குரூப் ஏற்படுத்துகிறோம். அதன் பின் நம்மில் பலர் செய்யும் வேலை, அந்த நண்பர்கள் எழுதும் தமிழில் பிழை கண்டுபிடிப்பது. நானும் செய்திருக்கிறேன்.

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் ஒரு பிரஸ்ஸில் பல ஆண்டுகள் புரூப் பார்த்தவன் நான். ராகு காலத்தில் ஒரு எண் மாறினாலும் அடித்த தாள் அத்தனையும் வீண். ஆகவே பிழையைக் கண்டால் கை தானாகவே சிவப்புப் பேனாவைத் தேடும். எங்கள் குரூப்பில் ஒரு நண்பர் வீட்டுத் திருமணத்திற்கு, உடன் படித்த தோழி ஒருவர் "வாள்த்துக்கள்" என்று எழுதினார். "வாளைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கா போகிறாய்? அது வாழ்த்துக்கள்" என்று எல்லோரும் பார்க்க எழுதினேன். சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக வந்தன. கொஞ்ச நேரத்தில் தமிழாசிரியரான இன்னொரு நண்பர், "க் வராது, வாழ்த்துகள் என்பதே சரி" என்று எனக்கே திருத்தம் போட்டார். அதில் அறிஞர்களுக்குள்ளேயே இன்னும் வழக்கு தீரவில்லை என்பது வேறு கதை.

அந்தத் தோழி அதன் பிறகு குரூப்பில் ஒரு வரி கூட எழுதவில்லை. ஆறு மாதம் கழித்து நேரில் பார்த்தபோது காரணம் கேட்டேன். சிரித்து மழுப்பிவிட்டார். அவருடைய மகள்தான் சொன்னாள்: "அம்மா டைப் பண்ணுவாங்க மாமா. தப்பா இருக்குமோன்னு அழிச்சிருவாங்க."

நான் ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறாம் வகுப்பு போனபோது, அவர் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனார். (எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம்.) விடியும் முன்பே ஊருக்குள் வரும் ஆபீஸ் வண்டியில் ஏறி, இருட்டிய பின் திரும்பிய பிள்ளைகளில் அவரும் ஒருவர். தீப்பெட்டி, பட்டாசு தயாரிப்பில் 14 வயது நிரம்பாதவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1986ல் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும், எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு சிறுவருக்கும் முதலாளி 20 ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டும் என்று 1996ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட வேண்டியிருந்தது. அன்று தீக்குச்சி அடுக்கிய பிள்ளைகளுக்கு இன்று நாற்பது, ஐம்பது வயது. கையில் போன் வந்த பிறகுதான் இவர்களில் பலர் மறுபடியும் தமிழ் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். அந்தக் கையைத்தான் நான் தட்டிவிட்டேன்.

அவர் எழுதியதில் ஒரு நியாயமும் இருக்கிறது. எங்கள் பக்கம் வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்றுதான் பலரும் சொல்வார்கள். காதில் விழுந்ததை அவர் எழுதினார். எழுத்தில் எது சரி என்பதும் காலத்துக்குக் காலம் மாறியதே. யானைத் துதிக்கை போல வளைத்து எழுதிய பழைய 'லை', 'னை' எழுத்துகள் 1978ல் வந்த அரசாணைக்கு முன்பு சரியானவை. இன்று எழுதினால் பிள்ளைகள் என்ன எழுத்து என்று கேட்பார்கள்.

நன்கு படித்தவர்களும் கம்ப்யூட்டரில் தவறு செய்கிறார்கள். ஆங்கில எழுத்தை அழுத்தித் தமிழ் பெறும் போனடிக் முறைகள் பலவற்றில், 'எல்' கீயைத் தனியே அழுத்தினால் ல. ஷிப்ட் கீயுடன் அழுத்தினால் ள. ஷிப்ட் சரியாக அழுந்தாவிட்டால் பிள்ளையைப் 'பல்லி'யில் சேர்த்ததாக எழுதிவிடுவோம். போனிலோ, நாம் பாதி அடிப்பதற்குள் அதுவே ஒரு சொல்லைப் போட்டுவிடுகிறது. தமிழக அரசு 1999ல் அறிவித்த தமிழ்99 கீ போர்டில் ல, ள, ழ மூன்றுக்கும் தனித்தனி கீ உண்டு. ஷிப்ட் தொல்லை இல்லை. புதியவர்கள் முதலிலேயே இதைப் பழகிக்கொள்வது நல்லது. டைப் செய்யத் தயங்குபவர்கள் பேசினால் போதும். கூகுளின் குரல் வழி டைப்பிங் 2017 முதல் தமிழுக்கும் கிடைக்கிறது. பிழை பார்க்க 'வாணி' என்ற தமிழ் எழுத்துப்பிழை திருத்தியும் இருக்கிறது.

திருத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கல்யாணப் பத்திரிகையும் காலண்டரும் அச்சுக்குப் போகும் முன் கட்டாயம் புரூப் பார்க்க வேண்டும். வங்கி பெயரில் வரும் மெசேஜில் பிழை இருந்தால் சந்தேகப்படவும் வேண்டும். (பிழையே இல்லாமலும் இப்போது ஏமாற்றுகிறார்கள்.) நண்பருக்குச் சொல்வதானால் தனி மெசேஜில் சொல்லுங்கள். அனுப்பிய மெசேஜை 15 நிமிடத்திற்குள் திருத்தும் வசதியை வாட்ஸ்அப் 2023ல் தந்துவிட்டது. யாரும் கவனிக்கும் முன்பே அவர் மாற்றிக்கொள்ளலாம். அவர் கேட்டிருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள் என்பது என் கருத்து.

தோழியின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எப்பவோ மறந்து போச்சு" என்றார். மறக்கவில்லை என்று தெரிந்தது. இந்தப் பொங்கலுக்குக் குரூப்பில் அவரிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது: "பொங்கள் நல்வாள்த்துக்கள்". உடனே நானும் பதில் வாழ்த்து அனுப்பினேன். அதில் 'க்' போட்டேனா இல்லையா என்று நினைவில்லை.