தைவான் நீரிணை: பகைமை போராக முற்றுமா?

அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் இடையே கசப்பு அதிகரிக்கும் ஒவ்வொரு முறையும் எழும் கேள்வி ஒன்றுதான்: இது போரில் முடியுமா? இதற்கான விடையை இரு தலைநகரங்களும் வெளியிடும் அறிக்கைகளில் தேடுவதைவிட, குறுகிய இடத்தில் சுமார் 130 கிலோமீட்டர் அகலமே உள்ள தைவான் நீரிணையில் தேடுவதே பொருத்தமாக இருக்கும்.

சிக்கலின் வேர் 1949-இல் உள்ளது. சீன உள்நாட்டுப் போரில் தோல்வியுற்ற சியாங் கை-ஷேக்கின் தேசியவாத அரசு அந்த ஆண்டில் தைவானுக்கு இடம்பெயர்ந்தது. தைவான் தனது பிரிக்க முடியாத பகுதி என்பது சீனாவின் நிலைப்பாடு. அமைதி வழியில் ஒருங்கிணைய வாய்ப்பே இல்லாமற்போனால் பிற வழிகளையும் கையாளலாம் என 2005-இல் சீனா இயற்றிய பிரிவினைத் தடுப்புச் சட்டம் கூறுகிறது. அமெரிக்காவோ 1979 ஜனவரி 1 முதல் பெய்ஜிங் அரசையே அங்கீகரித்துள்ளது. எனினும், அதே ஆண்டில் இயற்றப்பட்ட தைவான் உறவுகள் சட்டத்தின்படி அத்தீவுக்குத் தற்காப்பு ஆயுதங்களை வழங்கி வருகிறது. தைவான் தாக்கப்பட்டால் தனது படைகளை அனுப்புமா என்பதை மட்டும் அது திட்டமிட்டே தெளிவுபடுத்தாமல் வைத்துள்ளது.

இந்தத் தெளிவின்மை இதுவரை பயன் தந்துள்ளது. சீனா துணிந்து படையெடுப்பதற்கும், தைவான் துணிந்து சுதந்திரப் பிரகடனம் செய்வதற்கும் அது தடையாக நிற்கிறது. ஆனால், எதிர்த்தரப்பு எதுவரை பொறுக்கும் என்பதை ஒவ்வொரு தரப்பும் ஊகித்தே அறிய வேண்டியுள்ளது. ஆபத்து அங்குதான் தொடங்குகிறது.

அறுந்துபோகும் தொடர்பு

1995-இல் தைவான் அதிபர் லீ டெங்-ஹுய் அமெரிக்கா சென்றதைத் தொடர்ந்து, சீனா தைவானை ஒட்டிய கடற்பகுதியில் ஏவுகணைச் சோதனைகளை நடத்தியது. 1996 மார்ச்சில் அமெரிக்கா இரண்டு விமானந்தாங்கிக் கப்பல் படைப்பிரிவுகளை அனுப்பியது. பதற்றம் தணிந்தது. 2001 ஏப்ரல் 1-இல் ஹைனான் தீவு அருகே அமெரிக்க உளவு விமானமும் சீனப் போர் விமானமும் மோதின. சீன விமானி உயிரிழந்தார். அமெரிக்க விமானத்தில் இருந்த 24 பேர் 11 நாள்கள் தடுத்து வைக்கப்பட்டனர். தூதரகப் பேச்சுவார்த்தையே அந்தச் சிக்கலைத் தீர்த்தது.

அண்மைக்கால நிகழ்வுகள் வேறுவிதமாக உள்ளன. 2022 ஆகஸ்டில் அமெரிக்க நாடாளுமன்றப் பிரதிநிதிகள் சபைத் தலைவர் நான்சி பெலோசி தைபே சென்றபோது, தைவானைச் சுற்றிப் போர்ப் பயிற்சி நடத்திய சீனா, ராணுவ அதிகாரிகள் நிலையிலான பேச்சுகளையும் ரத்து செய்தது. 2023 பிப்ரவரியில் சீன பலூன் சுட்டு வீழ்த்தப்பட்ட பின்னர், அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சரின் தொலைபேசி அழைப்பை ஏற்கச் சீனத் தரப்பு மறுத்தது. தொடர்பு மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் அது துண்டிக்கப்பட்டது. அந்த ஆண்டு நவம்பரில் கலிஃபோர்னியாவில் பைடனும் ஷி ஜின்பிங்கும் சந்தித்த பிறகே ராணுவத் தொடர்பை மீட்க உடன்பாடு ஏற்பட்டது.

1962 கியூபா நெருக்கடிக்குப் பின் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் 1963-இல் நேரடித் தகவல் தொடர்பை ஏற்படுத்தின. 1972-இல் கடலில் மோதல்களைத் தவிர்க்கும் உடன்படிக்கையைச் செய்துகொண்டன. அவை நட்பின் அடையாளங்கள் அல்ல. பகைமையை வரம்புக்குள் வைத்திருக்கும் ஏற்பாடுகள்.

வணிகம் காக்குமா?

வணிகப் பிணைப்பு போரைத் தடுக்கும் என்ற வாதத்திலும் முழு உண்மை இல்லை. 1914-இல் பிரிட்டனும் ஜெர்மனியும் நெருங்கிய வணிகக் கூட்டாளிகளாக இருந்தும் போரிட்டன. அதேவேளை, 2025-இல் சீனப் பொருள்களுக்கு 145 விழுக்காடு, அமெரிக்கப் பொருள்களுக்கு 125 விழுக்காடு எனக் கூடுதல் வரி உயர்ந்தபோதும், சில வாரங்களில் இரு நாடுகளும் ஜெனீவாவில் பேச்சு நடத்தி அவற்றைக் குறைத்தன. இழப்பு குறித்த அச்சம் இன்னும் செயல்படுகிறது என்பதற்கு இது சான்று.

முழு அளவிலான படையெடுப்பும் எளிதன்று. கடல் கடந்து பெரும்படையைத் தரையிறக்குவது போர்க்கலையில் மிகக் கடினமான பணிகளுள் ஒன்று. எனவே, அறிவித்துத் தொடங்கும் போரைவிட, கடல்வழி முற்றுகையோ எதிர்பாராத மோதலோ படிப்படியாகப் பெரிதாவதே அஞ்சத்தக்கது.

இந்தியாவுக்கு இது தொலைதூரச் சண்டை அன்று. உலகின் அதிநவீன மின்னணுச் சில்லுகளில் பெரும்பகுதி தைவானில் தயாராகிறது. அதன் வரத்து தடைபட்டால் கைப்பேசி முதல் கார் வரை இந்தியத் தொழிற்சாலைகளும் பாதிக்கப்படும். குஜராத்தின் தொலேராவில் தைவான் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் சில்லு ஆலை அமைக்கப்படுவது தொலைநோக்குடைய முயற்சியே. ஆனால், ஓர் ஆலை அந்த இடைவெளியை நிரப்பிவிடாது. சீனாவுடன் எல்லைச் சிக்கல் நீடிப்பதால், எந்தத் தரப்பையும் சாராமல் விலகி நிற்பதும் புது தில்லிக்கு எளிதாக இராது.

ஆகவே, தூதரகக் கசப்பு மட்டுமே போரைக் கொணர்ந்துவிடாது. கசப்போடு பேச்சும் நின்றுபோனால், விபத்துக்கும் தாக்குதலுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க ஆள் இல்லாமற்போகும். எத்தனை போர்க்கப்பல்கள் நீரிணையைக் கடக்கின்றன என்பதைக் கணக்கிடுவோர், நெருக்கடி நேரத்தில் தொலைபேசி எடுக்கப்படுகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும்.