விருந்துக்கேற்ற மடைநூல் எது?

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதும் ஒரு பொருள். தொல்காப்பியம் அச்சொல்லை அப்பொருளில் ஆள்கின்றது. புதிதாய் வந்தவரையும் அவர்க்கு இடும் உணவையும் அச்சொல்லே குறித்தது. திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். அவ்விருந்து இன்று புதுக்கோலம் பூண்டுள்ளது. மணமன்றங்களிலும் புதுமனை புகுவிழாக்களிலும் உணவு வகைகளை நீண்ட மேசைமேல் நிரல்பட வைத்து, வந்தவர் தாமே தட்டில் எடுத்துண்ணும் முறை பரவி வருகின்றது. பலரும் 'பஃபே' என வழங்கும் இதனைத் தன்னெடுப்பு விருந்து எனலாம்.

இத்தகு விருந்தைத் தம் இல்லத்திலேயே நடத்த விழைவோர் முதலில் நாடுவது சமையல் நூலையே. அதற்குத் தமிழிலுள்ள பழம்பெயர் மடைநூல். மணிமேகலை அதனைக் கற்றற்குரிய கலைகளுள் ஒன்றாக எண்ணுகின்றது. நல்லியக்கோடன் பாணர்க்கு அளித்த உணவு, வீமன் இயற்றிய நூலின் நெறி வழுவாதது எனச் சிறுபாணாற்றுப்படை பாராட்டுகின்றது. நூல் நோக்கிச் சமைப்பது மேலைநாட்டார் வந்து கற்பித்த வழக்கமன்று.

ஆயின், இன்று நூல் வாங்குவோர் எதனை நோக்குகின்றனர்? பளபளக்கும் வண்ணப் படங்களையும், 'ஆயிரம் வகை' என்னும் அட்டை முழக்கத்தையுமே நோக்குகின்றனர். படம் பசி தீர்க்காது. ஆயிரம் வகையுள் ஒரு விருந்துக்கு வேண்டுவன பத்தோ பன்னிரண்டோதான். நூலைத் தெரிந்தெடுக்க நோக்கவேண்டியவை மூன்று: அளவு, பொழுது, சொல்.

முதலாவது அளவு. பந்தியில் அளவு பரிமாறுவோர் கையில் இருந்தது. தன்னெடுப்பு விருந்திலோ அஃது உண்போர் கைக்கு மாறிவிடுகின்றது. ஆகலின் கணக்கெல்லாம் அடுக்களையிலேயே முடிந்தாக வேண்டும். நால்வர்க்குரிய அளவை இருபத்தைந்தால் பெருக்கினால் நூற்றுவர்க்கு உணவாகிவிடும் என்பது பிழை. பேரண்டாவில் நீர் ஆவியாகும் விழுக்காடு குறைவு; நீரை அவ்வாறே பெருக்கினால் குழம்பு நீர்த்துவிடும். மிளகாயையும் கிராம்பையும் அவ்வாறே பெருக்கினால் காரம் மிகும். பத்து வகை வைத்தால் ஒவ்வொருவரும் பத்திலும் சிறிது சிறிதே எடுப்பர். ஒவ்வொன்றையும் வயிறு நிறைக்கும் அளவில் ஆக்கினால் எஞ்சுவது குப்பைக்கே போகும். கடன்பட்டு விருந்திட்டவன் கண்முன்னே போகும். ஒரு கிலோ அரிசி இரண்டரை முதல் மூன்று கிலோ வரை சோறாகும் என்பது போன்ற அடிப்படைக் கணக்கைத் தாராத நூல் விருந்துக்கு உதவாது.

1951-இல் வெளிவந்த மீனாட்சியம்மாளின் 'சமைத்துப் பார்' பல தலைமுறைக்கு வழிகாட்டிய நூல். அக்காலத்து அளவைகள் படியும் ஆழாக்கும் பலமும். படியோ ஊருக்கு ஊர் வேறுபட்டது. 1956-இல் எடையளவைச் சட்டம் இயற்றப்பட்டுக் கிலோவும் இலிட்டரும் நிலைபெற்றுவிட்டன. பழைய நூலைக் கையாள்வோர் அளவை மாற்றிக் கணக்கிட்ட பின்னரே உலையேற்றல் வேண்டும்.

இரண்டாவது பொழுது. மேசைமேல் வைத்த உணவு நெடுநேரம் காத்திருக்கும். சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்திற்குமேல் வைத்தலாகாது என்றும், சூடாக வைப்பதை 60 செல்சியசுப் பாகைக்கு மேலும், குளிர வைப்பதை 5 பாகைக்குக் கீழும் வைத்தல் வேண்டுமென்றும் உலக நலவாழ்வு அமைப்பு வரையறுத்துள்ளது. சோற்றில் சில நுண்ணுயிர்களின் வித்துகள் வெந்த பின்னும் அழியா. ஆறிய சோற்றில் அவை பெருகி நஞ்சு விளைக்கும். புளிச்சோறு பொழுது தாங்கும். தேங்காய்த் துவையல் தாங்காது. பொரித்த அப்பளம் நமுத்துவிடும். தோசை தோல்போல் இறுகிவிடும். எதனை முன்னாளே ஆக்கலாம், எதனை இறுதியில் இறக்கவேண்டும் என வகுத்துரைக்கும் நூலே விருந்தினர் உடல்நலம் காக்கும் நூல்.

மூன்றாவது சொல். தமிழெழுத்தில் அச்சான நூலெல்லாம் தமிழ்நூல் ஆகிவிடாது. 'கட் செய்து, மிக்ஸ் செய்து, ஃப்ரை பண்ணவும்' என்று எழுதும் நூல்கள் கடைகளில் மலிந்துள்ளன. ஃப்ரை என்றால் எது? எண்ணெயின்றி வறுப்பதா, சிறிது எண்ணெயில் வதக்குவதா, எண்ணெயில் மூழ்கப் பொரிப்பதா? தமிழில் மூன்றுக்கும் மூன்று சொற்கள் உண்டு. அவ்வாறே அரிதல், நறுக்குதல், கொத்துதல், துருவுதல் ஒவ்வொன்றும் தனித்தனி வினை. அவற்றையெல்லாம் 'கட்' என்னும் ஒரே சொல்லில் அடக்கினால், கத்தி பிடித்தவர் எதனைச் செய்வார்? நால்வர் சமையலில் இக்குழப்பம் ஒரு கரண்டி எண்ணெயோடு போகும். நூற்றுவர் சமையலில் ஓர் அண்டா உணவே கெடும். தாய்மொழிச் சொல் அடுக்களையில் அழகுக்காக நிற்பதன்று. அளவுக்கோல்போல் வேலை செய்வது. விருந்துக்குச் சமைக்க வரும் எளிய மக்கள் கேட்டவுடன் அறிந்து செய்வதும் அச்சொற்களையே.

இம்மூன்றும் அமைந்த நூலாயின் படமே இல்லையெனினும் வாங்குக. அமையாத நூல் எத்துணை அழகியதாயினும் விடுக. ஒன்றை மட்டும் எந்நூலும் சொல்லித் தாராது. தட்டேந்தி நிற்க இயலாத முதியோர்க்கும் குழந்தை ஏந்திய தாய்மார்க்கும் இருக்கை இட்டு, அருகே சென்று பரிமாறுதல் வேண்டும். உணவை எடுத்துக்கொள்வது விருந்தினர் கையாகலாம். ஓம்புவது என்றும் விருந்திடுவோர் கடனே!