காயில் கட்டத் தெரிந்த ஊர்

சேலத்துக்குக் கிழக்கே சுமார் பத்து கிலோமீட்டரில் இருக்கிற அயோத்தியாப்பட்டணத்தில் "காயில்" என்ற சொல்லுக்கு யாரும் அர்த்தம் கேட்க மாட்டார்கள். போர் மோட்டார் நின்றால் முதல் சந்தேகம் காயில் மேல்தான் விழும். "காயில் போயிருச்சுங்க, கட்டணும்" என்பது இந்தப் பக்கத்தில் கிட்டத்தட்ட ஒரு துக்கச் செய்தி. திருச்செங்கோட்டு ரிக் வண்டி இறக்கிய போர், அதற்கு அடியில் தண்ணீருக்குள் கிடக்கும் சப்மெர்சிபிள், மேலே நிற்கும் தென்னையும் பாக்கும் மரவள்ளியும் எல்லாம் சேர்ந்து, சுற்றி வைத்த கொஞ்சம் செம்புக் கம்பியை நம்பித்தான் இருக்கின்றன.

வைண்டிங் பட்டறைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. எரிந்த காயிலை வெட்டி எறிவதற்கு முன்னால் எண்ணிக்கொள்வார்கள். ஒரு ஸ்லாட்டுக்கு எத்தனை சுற்று, கம்பி என்ன கேஜ், கனெக்‌ஷன் எப்படிப் போகிறது. அப்புறம் ஏன் எரிந்தது என்று பார்ப்பார்கள். ஒரு பேஸ் போச்சா? வோல்டேஜ் இறங்கிச்சா? தண்ணி வத்தி மோட்டார் காஞ்சு ஓடிச்சா? காரணம் தெரியாமல் கட்டிக் கொடுத்தால் அதே மோட்டார் அடுத்த வாரம் திரும்பி வரும். ஒரு பொருளைத் திறந்து பார்க்கிறவனுக்குத்தான் அந்தப் பொருள் மேல் பொறுப்பு வருகிறது. இந்தக் கட்டுரையின் வாதம் இவ்வளவுதான். ஆனால் அதை, நம் ஊரில் யாரும் நேராகப் பேச விரும்பாத ஒரு பொருளை வைத்துப் பேசப் போகிறேன். வேப் என்று சொல்கிற இ-சிகரெட்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நிகோட்டினுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அது பிடித்தால் விடாது. இதுவரை தொடாதவர் எவரும் அதைத் தொட எந்தக் காரணமும் இல்லை. என் சண்டை சட்டத்தோடு. ஒரு கெட்ட பொருளைத் தடுக்கிறேன் என்று கிளம்பி, அதன் ஆக மோசமான வடிவத்துக்கு மட்டும் வழிவிட்டு நிற்கிற சட்டத்தோடு.

வேப்புக்குள் இருப்பதும் காயில்தான். மோட்டார் காயில் சூடாகக் கூடாது, இது சூடாக வேண்டும், வித்தியாசம் அவ்வளவே. பேட்டரி, சின்னதாகச் சுற்றிய கம்பி, அதற்குள் நுழைத்த பஞ்சு, பஞ்சில் ஊறிய திரவம். பட்டனை அமுக்கினால் கம்பி சூடாகி, திரவம் ஆவியாகிறது. 2003இல் சீன மருந்தாளர் ஹோன் லிக் இன்றைய இ-சிகரெட்டுக்கு வடிவம் கொடுத்ததிலிருந்து எத்தனையோ மாதிரிகள் வந்துவிட்டன. அவற்றில் ஒன்று, டேங்கைத் திறந்து பயன்படுத்துகிறவரே காயில் கட்டிக்கொள்ளும் வகை. இன்னொன்று, ஒட்டி மூடி வருகிற, தீர்ந்ததும் குப்பையில் போடுகிற வகை.

முதல் வகைக்காரன் என்னவெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று பாருங்கள். என்ன கம்பி? ஸ்வீடனில் பிறந்த காந்தல் என்றால் இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்தது. நிக்ரோம் என்றால் நிக்கலும் குரோமியமும். 1906இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் மார்ஷ் காப்புரிமை வாங்கிய அந்தக் கலவையின் வழிவந்ததுதான் நம் வீட்டு அயன் பாக்ஸிலும் ஹாஸ்டல் சுருள் அடுப்பிலும் சிவக்கிறது. நிக்கல் ஒத்துக்கொள்ளாத உடம்பு என்றால் நிக்ரோம் ஆகாது. சுத்த நிக்கல் கம்பியையும் டைட்டானியத்தையும் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவியில் மட்டுமே போட வேண்டும். பழுக்கச் சிவக்கவிட்டால் டைட்டானியத்தின் மேல் ஆக்சைடுப் பொடி படியும். கேஜ் எண் ஏற ஏறக் கம்பி மெலியும், மின்தடை கூடும். சுற்று கூடினாலும் மின்தடை கூடும்.

அடுத்தது கணக்கு. எட்டாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ மனப்பாடம் செய்து மறந்த ஓமின் விதி. முழுசாகச் சார்ஜ் ஏறிய லித்தியம் செல் 4.2 வோல்ட். காயில் 0.5 ஓம் என்றால் 8.4 ஆம்பியர் ஓடும், 35 வாட் வரும். புகை நிறைய வர வேண்டும் என்று 0.1 ஓமில் கட்டினால் 42 ஆம்பியர். பதினெட்டு மில்லிமீட்டர் விட்டமும் அறுபத்தைந்து மில்லிமீட்டர் நீளமும் உள்ள 18650 செல்களில் நல்லவையே தொடர்ந்து 20, 25 ஆம்பியர்தான் தாங்கும். பல செல்கள் அதில் பாதியைக்கூடத் தாங்காது. அதற்கு மேல் இழுத்தால் செல் கொதிக்கும், வெடிக்கவும் செய்யும். பஞ்சைத் திணித்து வைத்தால் திரவம் ஏறாது. காய்ந்த பஞ்சு கருகும், திரவம் அளவுக்கு மேல் சூடாகி ஃபார்மால்டிஹைடும் அக்ரோலினும் வரும். தண்ணி வத்தின போரில் மோட்டார் ஓடின கதைதான். அங்கே எரிவது காயில், இங்கே நெஞ்சு.

இவ்வளவும் தெரிந்தவன் உத்தமன் ஆகிவிட்டான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தனக்குள் என்ன போகிறது, எது கருகுகிறது, எப்போது நிறுத்த வேண்டும் என்பதற்கு அவன் கையில் ஓர் அளவுகோல் இருக்கிறது. நிகோட்டினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கடைசியில் வெறும் திரவத்துக்கு வர அவனுக்கு வழி இருக்கிறது. ஒட்டி மூடிய குழாயை இழுக்கிறவனுக்கு இது எதுவுமே கிடையாது. உள்ளே என்ன கம்பி, எத்தனை ஓம், என்ன செல், எவ்வளவு நிகோட்டின்? அட்டையில் அச்சடித்த பழத்தின் படம் மட்டும்தான் அவனுக்குத் தெரியும்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். தமிழ்நாடு 2018இலேயே தடை போட்டது. 2019 செப்டம்பர் 18இல் ஒன்றிய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அந்த ஆண்டின் முடிவுக்குள் நாடாளுமன்றம் அதையே முழுச் சட்டமாக நிறைவேற்றியது. தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, கொண்டுபோவது, விற்பனை, சேமிப்பு, விளம்பரம் அத்தனையும் குற்றம். சேமிப்பைத் தவிர மற்றவற்றுக்கு முதல் முறை ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் மூன்றாண்டு, ஐந்து லட்சம் வரை. இழுப்பவனுக்கு என்று தனித் தண்டனை எழுதப்படவில்லை. எந்தப் பெயரில், எந்த வடிவில், எந்த அளவில் இருந்தாலும், நிகோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சூடாக்கி ஆவி தருகிற கருவி எல்லாம் ஒன்றே என்று வரையறை சொல்கிறது.

எல்லாம் ஒன்றே! இங்கேதான் கோளாறு. திறந்து காயில் கட்டுகிற கருவி உயிரோடு இருக்க ஒரு கடை வேண்டும். கம்பிச் சுருளும் பஞ்சும் நல்ல செல்லும் அங்கே கிடைக்க வேண்டும். "தம்பி, இந்தக் கம்பிக்கு இவ்வளவு சுற்று போதும், இதுக்கு மேல போகாதே" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். வெளிச்சத்தில் நடக்கிற வியாபாரம் அது. தடை வந்ததும் முதலில் செத்தது அதுதான். ஒட்டி மூடிய குழாய்க்கு எந்தக் கடையும் தேவையில்லை. ஒரு சட்டைப் பாக்கெட் போதும். இருட்டில் வாங்கி இருட்டில் விற்று, தீர்ந்ததும் தூக்கி எறிந்துவிடலாம். கள்ளச் சந்தைக்கென்றே அளவெடுத்துத் தைத்த பொருள். 2022இல் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் பல கோடி ரூபாய் மதிப்புள்ள இ-சிகரெட்டுகளை வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம் பிடித்தது. பிடிபட்டதே இவ்வளவு என்றால் பிடிபடாததை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, எதிர்த்தரப்பைக் கேட்போம். "அமெரிக்காவில் ஆட்கள் செத்தார்களே?" செத்தார்கள். 2019இல் தொடங்கி 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் நுரையீரல் பாதிப்புக்கு ஆளானதாகவும் 68 பேர் இறந்ததாகவும் அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் கணக்குக் கொடுத்தது. நம் அவசரச் சட்டம் வந்ததும் அந்தப் பதற்றத்தின் நடுவில்தான். விசாரித்தபோது முதன்மைக் குற்றவாளியாகத் தெரியவந்தது கஞ்சாச் சத்து நிரப்பிய குழாய்களில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிட்டேட். அவற்றில் பெரும்பங்கு தெருவிலும் தெரிந்தவர்கள் மூலமும் வாங்கியவை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத சரக்கு ஆளைக் கொன்றது. அதைப் பார்த்துப் பயந்துபோய், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத சரக்கை மட்டும் மிச்சம் வைக்கிற சட்டத்தைப் போட்டோம்.

"காயிலிலிருந்தே உலோகம் வருகிறதே?" இது கனமான கேள்வி, மழுப்ப மாட்டேன். 2018இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 56 பேரின் டேங்க் வகைக் கருவிகளைச் சோதித்தார்கள். பாட்டிலில் இருந்த திரவத்தில் உலோகம் சொற்பம். காயிலைத் தொட்ட பிறகு அதே திரவத்திலும் ஆவியிலும் ஈயம், நிக்கல், குரோமியம் எல்லாம் ஏறியிருந்தன. அடிக்கடி காயில் மாற்றியவர்களின் கருவிகளில் ஆவியின் உலோக அளவு கூடுதலாகவே இருந்தது. ஆக, கையால் காயில் கட்டுவது பாதுகாப்புக்கு உத்தரவாதம் என்று எவன் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆனால் 2025இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் தூக்கி எறிகிற வகையைச் சோதித்தபோது, ஒரு கருவி ஒரு நாள் உபயோகத்தில் கக்கிய ஈயம் ஏறத்தாழ இருபது பாக்கெட் சிகரெட்டில் வருவதைவிட அதிகம் என்று கண்டார்கள். உள்ளே வைத்திருந்த ஈயம் கலந்த உலோகப் பாகங்களிலிருந்து அது கசிந்திருந்தது. இரண்டு ஆய்வும் சொல்வது ஒன்றுதான்: விஷயம் உள்ளே இருக்கிற உலோகத்தில் இருக்கிறது. அந்த உலோகத்தைப் பற்றி நம் சட்டத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. மொத்தமாகத் தடை என்று எழுதிவிட்டால் தரம் என்று எதையும் எழுத வேண்டியதில்லை அல்லவா?

"பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்!" பிள்ளைகளுக்கு வேண்டியது எது என்று யோசியுங்கள். கம்பி, கேஜ், ஓம் மீட்டர், குறடு, பஞ்சு என்று அரை மணி நேரம் உட்கார்ந்து கட்ட வேண்டிய, கையடக்கத்துக்கு மீறிய ஒரு பெட்டியா? இல்லை, பேனா மாதிரி பென்சில் பாக்ஸில் ஒளிகிற, மாம்பழ வாசனை அடிக்கிற குழாயா? பிள்ளைகள் பெயரைச் சொல்லிப் போட்ட தடை, பிள்ளைகள் கைக்குப் பொருத்தமான சரக்கையே சந்தையில் தனிக்காட்டு ராஜா ஆக்கியிருக்கிறது. கள்ளச் சந்தைக்காரன் யாரிடமும் வயது கேட்க மாட்டான்.

இதெல்லாம் நடக்கும்போது பெட்டிக்கடையில் என்ன நடக்கிறது? 2016-17இல் எடுத்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயது வந்தோரில் 28.6 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துகிறார்கள். சிகரெட்டைவிடப் பீடி குடிப்பவர்கள் அதிகம். ஆண்டுக்குப் பதின்மூன்று லட்சம் பேருக்கு மேல் புகையிலையால் சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்தப் புகையிலையை அரசு தடை செய்யவில்லை. ஐடிசியில் எல்ஐசிக்கு 15 விழுக்காட்டுக்கும் மேல் பங்கு இருக்கிறது. எங்கம்மாவும் உங்கம்மாவும் கட்டுகிற பாலிசிப் பணத்துக்கு சிகரெட் லாபம் ஈட்டிக்கொண்டிருக்கிறது. 2025 செப்டம்பரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் பீடிக்கான வரியை 28 விழுக்காட்டிலிருந்து 18க்குக் குறைக்க முடிவெடுத்தது. பீடி சுற்றும் பெண்களின் பிழைப்பு என்பார்கள். அந்தக் கவலை நியாயமானது, நான் மறுக்கவில்லை. ஆனால் ஆளைக் கொல்லும் பொருளுக்கு விலை குறைப்பு, ஆளைக் கொல்லக்கூடும் என்ற பொருளுக்குச் சிறை என்றால், இதற்கு மக்கள் நலம் என்று பெயர் வைக்காதீர்கள். கணக்கு வழக்கு என்று வையுங்கள்.

வேறு மாதிரி எழுத முடியுமா? முடியும். 2025 ஜூன் 1 முதல் பிரிட்டன் தூக்கி எறியும் வேப்புகளின் விற்பனையைத் தடை செய்தது. எது தூக்கி எறிவது, எது திரும்பப் பயன்படுவது என்பதற்கு அவர்கள் வைத்த அளவுகோலைக் கவனியுங்கள். சார்ஜ் ஏற்ற முடிய வேண்டும், திரவம் நிரப்ப முடிய வேண்டும், காயிலைக் கழற்றி வேறு போட முடிய வேண்டும். குப்பையையும் வீணாகும் லித்தியத்தையும் மனதில் வைத்துச் செய்த சட்டம்தான் அது. பிரிட்டனில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு சட்டம் பொருளைத் திறந்து உள்ளே பார்த்து எழுதப்பட்டிருக்கிறது. நம்முடையது மூடியைக்கூடத் தொடாமல் எழுதப்பட்டது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒட்டி மூடிய வகைக்கு முழுத் தடை இருக்கட்டும், அதை நிஜமாக அமல்படுத்துங்கள். திறந்து பழுது பார்க்கக்கூடிய வகையை, ஏற்கெனவே புகைப்பவர்களுக்கு மட்டும், 21 வயதுக்கு மேல், உரிமம் பெற்ற கடையில், கம்பிக்கும் செல்லுக்கும் திரவத்துக்கும் தரம் வைத்து, பழ வாசனையும் பளபளப்பும் இல்லாமல் அனுமதியுங்கள். கூடவே பெட்டிக்கடைச் சிகரெட்டின் மேலும் பீடியின் மேலும் அதே கண்டிப்பைக் காட்டுங்கள். இது பிடிக்கவில்லையா? அப்படியானால் மூன்றையும் சேர்த்துத் தடை செய்யுங்கள், நான் கை தட்டுகிறேன். ஒன்றைச் சிறையிலும் மற்றதைச் சிற்பத்திலும் வைக்கிற நாடகத்துக்குத்தான் கை தட்ட முடியாது.

இதைப் படிக்கிற இளைஞர்களிடம் ஒன்று சொல்ல இருக்கிறது. புகை வளையம் விட்டு ரீல்ஸ் போடுகிறவனும், "சீச்சீ, போதை" என்று ஒரே வரியில் முடிக்கிறவனும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். இருவரும் உள்ளே பார்க்கவிடாமல் தடுக்கிறார்கள். உங்கள் நண்பன் பையில் அந்தக் குழாய் இருந்தால் உபதேசம் செய்யாதீர்கள். இதுக்குள்ள என்ன கம்பிடா, எத்தனை ஓம், என்ன செல், யாரு செஞ்சது என்று கேளுங்கள். ஒன்றுக்கும் அவனிடம் பதில் இருக்காது. அயோத்தியாப்பட்டணத்தில் நாலு கேள்வி கேட்காமல் ஒருத்தரும் ஒரு மோட்டாரைப் போருக்குள் இறக்குவதில்லை. நெஞ்சுக்குள் இறக்குவதற்கு அதில் பாதிக் கேள்வியாவது கேட்க வேண்டாமா?