வலிக்கு மதிப்பெண் கேட்கிறார்கள், மாடியைக் கேட்பதில்லை

ஆழ்வார்பேட்டை அடுக்ககங்களில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் பெரியவர்களைக் குளிப்பாட்டி, மலம் அள்ளி, புண்ணுக்கு மருந்திடுகிறவர்கள் யார்? கண்ணகி நகரிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் விடியுமுன் பஸ் ஏறி வரும் நம் அக்காக்களும் அவர்களில் உண்டு. கால்வாய்க் கரைகளில் வாழ்ந்தவர்களை நகரத்துக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டியது அரசு. பெரும்பகுதி தலித்துகள். அந்த அக்காவின் அம்மாவுக்கே புற்றுநோய் முற்றினால் அவரைக் குளிப்பாட்டுவது யார்? மகள் வீட்டில் இருந்தால் அன்றைய கூலி போச்சு.

நோயாளியின் தேவை எவ்வளவு சிக்கலானது என்று மதிப்பிடும் படிவத்தில் முதலில் வரவேண்டியது இதுதான். படிவமோ வலி 0 முதல் 10 வரை எவ்வளவு, மூச்சு வாங்குகிறதா, நடக்க முடிகிறதா என்று கேட்கிறது. கேட்கட்டும். ஆனால் 4 மதிப்பெண் வலியோடு ஆள் அம்போடு இருப்பவரும், அதே 4-ஓடு லிஃப்ட் ஓடாத ஏழாவது மாடியில் கிடப்பவரும் ஒரே வரிசையா?

1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் 'முழு வலி' என்றார். உடல், மனம், சமூகம், ஆன்மிகம் எல்லாம் சேர்ந்த வலி. இங்கே 'சமூகம்' என்பதைச் சாதி என்று வாசிக்க என்ன தயக்கம்? ('நீங்க என்ன சமூகம்?' என்று கேட்கும்போது மட்டும் எல்லோருக்கும் அர்த்தம் புரிகிறது.)

நோய்க்குச் சாதி தெரியாது என்பார்கள். 2014-ல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி, வலிக்கான மார்ஃபின் கிடைப்பதை எளிதாக்கினார்கள். மாத்திரை மலிவுதான். அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைக்குப் போய் வாங்க ஆகும் ஆட்டோ செலவு?

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே நோய் ஆதரவு சிகிச்சை என்கிறது. நல்ல திட்டம். அதனால்தான் நெருக்குகிறோம். எத்தனையாவது மாடி, லிஃப்ட் ஓடுகிறதா, தண்ணீர் எப்போது வருகிறது, கவனிப்பவர் இழக்கும் கூலி எவ்வளவு, சாக்கடையிலா குப்பைக் கிடங்கிலா உடம்பு கெட்டது? இவை படிவத்தில் ஏறட்டும். அதற்கேற்ப செவிலியர் வருகை கூடட்டும். கூலிக்கு ஈடும் தரட்டும்.

மருத்துவம், செவிலியம், சமூகப்பணி படிக்கும் தோழர்களே, களப்பணிக்குப் போகும்போது இந்தக் கேள்விகளைப் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதிக் கேளுங்கள். இதெல்லாம் மருத்துவமா என்று துறைத்தலைவர் கேட்டால், தண்ணீர் வராத வீட்டில் படுக்கைப்புண்ணை எதைக்கொண்டு கழுவுவது என்று திருப்பிக் கேளுங்கள்.